காலி எடத்தக் கெடுத்துப்போடாத கண்ணு

ஏங் கண்ணு, திருப்பூர்ல பூட்டிக் கெடக்கற சாயப்பட்டறைய இடிச்சு வீடு கட்டோணும், காய்கறித் தோட்டம் போடோணும், நூலகம் வெக்கோணும்னு மனு எழுதிக்கிட்டு அலையறியாமா? அந்த எடத்த நம்பிப் பொழைக்கறவங்கள நெனச்சியா? பனியன் கட்டிங் வேஸ்ட்ட எங்க கொண்டுபோய்க் கொளுத்துவாங்க? சீட்டாடறவங்க எங்க போயி உக்காருவாங்க?

2011 ஜனவரியில ஐகோர்ட்டு 700க்கு மேல சாயப்பட்டறைய மூடச் சொல்லுச்சு. கழிவ வெளிய விடாம சுத்திகரிக்க முடிஞ்சவங்க மறுபடி தெறந்தாங்க. முடியாதவங்க பூட்டுனது பூட்டுனதுதான். உள்ள சீமைக்கருவேலம் செழிப்பா நிக்குது. தண்ணியும் கேக்கல, மானியமும் கேக்கல.

நம்மூருக்குக் காலி எடத்தோட அருமை தெரியாதாக்கும்? கல்லு வெட்டித் தீந்த பாறைக்குழியில குப்பையக் கொட்டறோம். குழியெல்லாம் ரொம்பீட்டா, அடுத்து வர்ற ஆப்பீசர் பாத்துக்குவாரு.

சொன்ன பேச்சுக் கேக்காத ஆளுங்களும் இருக்கறாங்க. 2015ல ‘வனத்துக்குள் திருப்பூர்’னு கெளம்பி, சும்மா கெடந்த எடத்துலயெல்லாம் லட்சக்கணக்குல மரம் நட்டுப்போட்டாங்க. நஞ்சராயன் குளத்த 2022ல பறவைகள் சரணாலயமாக்கி, 2024ல ராம்சர் ஈரநிலப் பட்டியல்லயும் சேத்தாச்சு. கொக்குக்கும் நாரைக்கும் 125 ஹெக்டேரு. பனியன் கம்பெனிக்கு வந்த ஒடிசாப் பையனுக்கு லைன் வீட்டுல பாய் விரிக்கற அளவு எடந்தான். றெக்க இல்லாதது அவன் தப்புத்தானுங்களே!

செஞ்சே தீருவேன்னா கேட்டுக்க. சாயப்பட்டறை மண்ணு லேசுப்பட்டதில்ல. ஒரத்துப்பாளையம் அணைய 1992ல பாசனத்துக்குன்னு தெறந்தாங்க; கடைசில அது சாயத்தண்ணிக்குத் தொட்டியாச்சு. உன்ற எடத்துல கசடப் பொதச்சு வெச்சிருக்காங்களான்னு தோண்டிப் பாரு. மண்ணையும் கெணத்துத் தண்ணியையும் சோதிக்காம கீரை போட்டீன்னா, கடையறப்பத் தெரியும் அது எந்தக் கலரு ஆர்டருன்னு.

வீடு யாருக்குன்னு மொதல்லயே எழுதி வெச்சுக்க. இல்லீன்னா ஏழைக்குக் கட்டுன வீட்டுல குடோன் ஓடும். நூலகத்த அஞ்சு மணிக்குப் பூட்டிப்போடாத. ராத்திரி எட்டரைக்கு ஷிப்ட் முடிச்சு வர்ற புள்ள, கதவுல இருக்கற போர்டத்தான் படிச்சுட்டுப் போகும்.

சோதனைச் சீட்டு கைக்கு வந்தா சொல்லியனுப்பு. மொத மம்பட்டி நான் போடறேன். போட்டோவுக்கு மட்டும் தலைவருங்களக் கூப்புட்டுக்க.