1990-இல் பிறந்த இரண்டாம் வகுப்பு

‘உங்கள் செல்லத்தின் கற்பனைக்கு ஏஐ சிறகு!’ என்று பிளெக்ஸ் கட்டியிருக்கிறது ஒரு தனியார் பள்ளி. சிறகுக்குத் தனிக் கட்டணம். ஷூ, பெல்ட், டைரிக்குக் கீழே ரசீதில் வந்துவிடும்.

உள்ளே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் வரிசையில் நிற்கிறார்கள். அவர்களுக்கு டைப் அடிக்கத் தெரியாது, மிஸ்தான் அடிக்கிறார். “என்ன வேணும்?” “யானை மிஸ்.” வந்துவிட்டது யானை, பின்னால் பனிமலை, அந்திவானம், எண்ணெய் தேய்த்தாற்போல் ஒரு மினுமினுப்பு. “தும்பிக்கையில குடை வேணும் மிஸ். எங்க ஆயாவோட குடை, கம்பி உடைஞ்சது.” அங்கேதான் ஒரு கதை தலைகாட்டியது. “டைம் இல்ல, நெக்ஸ்ட்!” பனிமலை யானை பிரிண்ட் ஆகி, லேமினேட் ஆகி, பிள்ளையின் பெயரோடு சுவரில் தொங்குகிறது. அப்பா அதன்முன் நின்று செல்ஃபி எடுக்கிறார்.

13 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இல்லை என்று சாட்ஜிபிடியின் நிபந்தனையிலேயே இருக்கிறது. வகுப்பறைக்கு 2023-இல் யுனெஸ்கோ பரிந்துரைத்த குறைந்தபட்ச வயதும் அதே 13தான். அதனாலென்ன? பிறந்த ஆண்டு 1990 என்று போட்டால் கதவு திறக்கிறது. அடுத்த பீரியட் நன்னெறி.

கணினியைக் குழந்தை கையில் கொடுக்கவே கூடாதென்று யார் சொன்னது? 1967-இல் சீமோர் பேப்பர்ட்டும் கூட்டாளிகளும் பிள்ளைகளுக்காக ‘லோகோ’ என்ற கணினி மொழியை உருவாக்கினார்கள். பிள்ளை கட்டளையிடும், திரையில் ஓர் ஆமை நகர்ந்து கோடு போடும். கோடு கோணினால் ஏன் என்று பிள்ளைதான் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டும். இங்கே உடைத்துக்கொள்ள எதுவும் மிச்சமில்லை. வேண்டியது பிள்ளையின் கோணல் அல்ல, சேர்க்கைக்குப் படம் காட்டும் சுவர்.

அரசு மட்டும் இளைத்ததா? மூன்றாம் வகுப்பிலிருந்தே ஏஐ என்று டெல்லி அறிவிக்கிறது. ஓவியமும் இசையும் தையலும் சொல்லித்தர 2012-இல் தமிழக அரசு எடுத்த 16,500-க்கும் மேற்பட்ட பகுதிநேர ஆசிரியர்களுக்கோ வாரத்தில் மூன்று அரைநாள், தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். பல ஆண்டுகள் மே மாதம் அதுவும் கிடைக்கவில்லை. பணி நிரந்தரம் கேட்டுச் சென்னைக்கு வந்தால் போலீஸ் வேன், கல்யாண மண்டபம்.

தனியார் பள்ளி அவ்வளவு கல்நெஞ்சம் இல்லை. “டிராயிங் சாரை அனுப்பிட்டீங்களா?” என்று கேட்டால் தாளாளருக்குக் கோபம் வருகிறது. “சேச்சே! லேமினேஷன் மெஷினை யார் பாக்குறதாம்?”