தலைவரம்மாவின் வீட்டுக்காரர்

குடியரசு நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி ஜயந்தி என்று கிராம சபை கூடும் நாள்களில், தஞ்சாவூர்ப் பக்கம் பெண் தலைவர் உள்ள ஊராட்சி ஒன்றில் போய் நின்றால் அவரைக் கண்டுபிடிப்பது சுலபம். சாமியானா பந்தலில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தலைவர் உட்கார்ந்திருப்பார். அந்த நாற்காலியின் முதுகில் ஒரு கை ஊன்றியிருக்கும். கைக்குரியவர் தலைவரின் வீட்டுக்காரர். சலவை வேட்டி, சட்டைப் பையில் துருத்திக்கொண்டு இரண்டு பேனா. இரண்டுமே தீர்மான நோட்டில் கையெழுத்துப் போட உரிமை இல்லாத பேனாக்கள். நாற்காலியில் மட்டும் தப்பித் தவறியும் உட்கார மாட்டார், சட்டம் தெரிந்தவர். 1993-ல் நடைமுறைக்கு வந்த 73-வது அரசியல் சட்டத் திருத்தம் பெண்களுக்கு மூன்றில் ஒரு பங்கு இடம் ஒதுக்கியதும், தமிழ்நாடு 2016-ல் அதைப் பாதியாக உயர்த்தியதும் அவருக்கு மனப்பாடம். நாற்காலி யாருக்கு என்றுதான் சட்டம் சொல்கிறது, பேச்சு யாருக்கு என்று எங்கும் சொல்லவில்லை என்று கண்டுபிடித்த மேதை அவர்.

அவர் அதட்டிப் பேசுவார் என்று எதிர்பார்த்தால் ஏமாந்துபோவீர்கள். குரல் தணிவாக, குழைவாகத்தான் இருக்கும். “தலைவரம்மா, பெரிய வாய்க்காலைத் தூர்வாரிட்டாங்க, எங்க தெருக் கன்னி வாய்க்கால் என்னாச்சு?” என்று முன்வரிசையில் ஒருவர் கேட்பார். பதில் நாற்காலிக்குப் பின்னாலிருந்து வரும்: “அதை நாம ஜே.இ. கிட்ட அப்பவே சொல்லியாச்சு. நம்ம லிஸ்ட்ல ரெண்டாவதா இருக்கு.” எஸ்டிமேட்டில் அந்த வாய்க்காலே இல்லை என்பது தலைவருக்குத் தெரியும், அவர்தான் அதைப் படித்துப் பார்த்தவர். சொல்ல வாயெடுப்பார். “அதைத்தான் அவங்களும் சொல்ல வர்றாங்க” என்று முடித்துவிடுவார் வீட்டுக்காரர். குறுக்கே பேசி வாயை மூட வைப்பது பழைய பாணி. இன்னொருவர் சொல்லாததைச் சொன்னதாக ஆக்கி, அதற்குத் தானே சாட்சியும் சொல்வது இவருடைய கைவரிசை. ஊரும் ஒத்துழைக்கிறது. “தலைவரே” என்று விளித்தால் திரும்புவது அவர். வாக்கு வாங்கி ஜெயித்தவருக்குக் கிடைப்பது “தலைவரம்மா”, பண்ணையாரம்மா மாதிரி. அலுவலகச் சுவரில் எழுதியிருக்கும் கைப்பேசி எண் மனைவியுடையது. எடுத்தால், “சொல்லுங்க, தலைவர்தான் பேசுறேன்” என்று ஆண் குரல்.

இந்த ஜாதி நம்மூருக்கு மட்டும் சொந்தமில்லை. வடக்கே இவருக்கு ‘சர்பஞ்ச் பதி’ என்று பட்டமே இருக்கிறது. இவரை என்ன செய்யலாம் என்று ஆராய ஒன்றியப் பஞ்சாயத்து ராஜ் அமைச்சகம் 2023-ல் ஒரு குழுவே போட்டது. மனைவிக்குப் பதிலாக இவர் பேசுவதற்கு ஊரார் சொல்லும் காரணம்: ஆம்பிளை பேச்சு வெட்டு ஒன்று துண்டு இரண்டு, பொம்பளை பேச்சு இழுவை, அது பிறவிக் குணம். இதற்குக் கொஞ்சம் படித்த ஆதரவும் உண்டு. அமெரிக்க மொழியியலாளர் ராபின் லேக்காஃப் 1975-ல் எழுதிய நூலில், தயங்கிப் பேசுவது, சொன்னதையே கேள்வியாக்கி முடிப்பது, மிதமிஞ்சிய பணிவு ஆகியவற்றைப் பெண்மொழியின் அடையாளங்களாகக் காட்டினார். சமூகம் பழக்கிய பழக்கம் என்றுதான் சொன்னார், பிறவிக் குணம் என்று சொல்லவில்லை. 1980-ல் ஓபார், அட்கின்ஸ் என்ற இருவர் நீதிமன்றச் சாட்சிகளின் பேச்சைப் பதிவு செய்து பார்த்தபோது கதை இன்னும் மாறியது. படிப்பும் பதவியும் உள்ள பெண் சாட்சியிடம் அந்தத் தயக்கம் குறைவு. எளிய நிலையிலிருந்த ஆண்களிடம் அது தாராளம். அதைப் பெண்மொழி என்பதைவிட, அதிகாரம் இல்லாதவர் மொழி என்பதே பொருத்தம் என்று முடிவு கட்டினார்கள்.

இதைச் சோதிக்க அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் வீட்டுக்காரரை ஒன்றிய அலுவலகம் வரை பின்தொடர்ந்தால் போதும். பி.டி.ஓ. அறை வாசலில் செருப்பைக் கழற்றும்போதே குரல் பாதியாகிவிடும். “ஐயா, ஒண்ணுமில்ல… அந்த ரோடு விஷயம்… ஐயா கொஞ்சம் மனசு வச்சா… தப்பா நினைச்சுக்கக் கூடாது…” எந்த வாக்கியமும் முற்றுப்புள்ளியைப் பார்க்காது. பிறகு நேரடி நெல் கொள்முதல் நிலையம். மழையில் நனைந்த குறுவை நெல்லைக் கொட்டிவைத்துக்கொண்டு, ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் காட்டும் கருவியின் முன் நிற்கும்போது, தன் மகன் வயதுள்ள பட்டியல் எழுத்தரிடம் அவர் பேசுவதைக் கேட்க வேண்டும்: “தம்பி, மேலாக்கத்தான் ஈரமா இருக்குமோ? இன்னொரு இடத்துல குத்திப் பாக்கலாமா?” மீசை அதே மீசைதான். சபையில் முற்றுப்புள்ளியாகப் பேசிய மனிதர் இங்கே கேள்விக்குறியாக வளைந்து நிற்கிறார்.

மறைமுகப் பேச்சின் கதையும் இதுதான். கிராம சபையில் தரையில் உட்கார்ந்திருக்கும் நூறு நாள் வேலைப் பெண்கள் எழுந்து நின்று கேள்வி கேட்பது அபூர்வம். ஆனால் பக்கத்தில் இருப்பவளிடம் சொல்வதுபோல், பந்தல் முழுக்கக் கேட்கும் குரலில், “வாய்க்கால்ல தண்ணி வருதோ இல்லையோ, சில பேர் வாயில முறை வைக்காம வருதுடி” என்று ஒருத்தி சொல்வாள். வரிசையே சிரிக்கும். யாரைச் சொன்னாய் என்று கேட்டால் கேட்டவருக்குத்தான் அவமானம். இந்த ஜாடைப் பேச்சைப் பெண்களுக்கே உரிய கலை என்று நாம் நினைத்துக்கொண்டிருக்கிறோம். மடகாஸ்கரில் இது தலைகீழ். அங்கே ஒரு கிராமத்தில் ஆய்வு செய்த எலினார் கீனன், சுற்றி வளைத்துப் பேசுவது ஆண்களின் பெருமைக்குரிய கலை என்றும், முகத்துக்கு நேரே சண்டை போடுவதும் சந்தையில் பேரம் பேசுவதும் பெண்கள் வேலை என்றும் 1974-ல் எழுதினார். மதிப்பு எந்தப் பேச்சுக்கோ அது ஆண்கள் கையில் இருந்தது என்பதுதான் அதில் பார்க்க வேண்டியது. இங்கேயும் 1952-ன் பண்ணையாள் பாதுகாப்புச் சட்டத்துக்கு முந்தைய தஞ்சையில், மிராசுதார் முன்னால் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நின்ற ஆண்கள் நேர்ப்பேச்சா பேசினார்கள்? அவர்களுக்கும் ஜாடைதான் துணை.

“பெண்கள் பேசாத பேச்சா? வீட்டுக்கு வந்து பாருங்கள்” என்பார்கள். 2007-ல் ‘சயின்ஸ்’ இதழில் வந்த ஆய்வில், மாணவ மாணவியர் உடம்பில் ஒலிப்பதிவுக் கருவி மாட்டி எண்ணிப் பார்த்ததில் இருபாலாரும் நாளுக்குச் சுமார் 16,000 சொற்கள் பேசினார்கள். எத்தனை சொல் என்பதைவிட எங்கே பேசுகிறார்கள் என்பதல்லவா விஷயம்? அடுப்படியில் பேசிய ஆயிரம் சொல் தீர்மான நோட்டில் ஏறாது. மாமியார் அதிகாரம் செய்யவில்லையா என்றும் கேட்பார்கள். செய்கிறார், கச்சிதமாக, சாவிக்கொத்து இடுப்புக்கு வந்த பிறகு. என் கட்சிக்கு அதைவிட நல்ல சாட்சி கிடைக்காது. “அனுபவம் இல்லாத பெண், துணைக்கு ஆள் வேண்டாமா?” என்பது மூன்றாவது வாதம், அதில் கொஞ்சம் நியாயமும் இருக்கிறது. முதல்முறை தலைவரானவருக்குத் திட்டமும் கணக்கும் புரிய நாள் பிடிக்கும். ஆனால் முதல்முறை ஜெயித்து வரும் ஆண்களுக்கும் அப்படித்தான். அவர்கள் நாற்காலிக்குப் பின்னால் எந்த மனைவியும் கை ஊன்றி நின்றதாகத் தெரியவில்லை. பெண் நேராகப் பேசினால் இந்த மண் சும்மா விட்டதும் இல்லை. வாயாடி என்ற பட்டம் தயாராக இருக்கும். தஞ்சைக் கம்யூனிஸ்ட் தலைவர் மணலூர் மணியம்மை கிராப்பு வெட்டி, வேட்டி சட்டை போட்டுக்கொண்டு பண்ணையாள்களைத் திரட்டினார். மிராசுதார்கள் எதிரே நின்று பேச அந்த உடுப்பும் ஓரளவு தேவைப்பட்டிருக்கும் என்றே தோன்றுகிறது. நம் தலைவரம்மாக்கள் சேலையோடு உட்கார்ந்திருக்கிறார்கள்.

2019 டிசம்பரில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக் காலம் 2025 ஜனவரியில் முடிந்து, ஊராட்சிகள் தனி அலுவலர்கள் கைக்குப் போயின. வீட்டுக்காரரின் மொழித் திறமை முழுதாக வெளிப்படுவது இந்தக் கட்டத்தில்தான். ஐந்து வருடம் சாலை, தெருவிளக்கு, குடிநீர்த் தொட்டி எல்லாவற்றையும் “நாம போட்டோம்” என்றவர் வீட்டுக்கு, தெருவிளக்குப் பல்பு வாங்கிய கணக்கில் தணிக்கைத் தடை என்று ஒரு கடிதம் வருகிறது. உறையைப் பிரித்து நிதானமாகப் படித்துவிட்டு, மடித்து மனைவியிடம் நீட்டுகிறார்: “இந்தா, உனக்குத்தான் வந்திருக்கு. செக்குல கையெழுத்துப் போட்டது நீதானே?”