வெயில் பார்த்த தோல்

மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் கிழக்கேயிருந்து ஒரு காற்று வீசும். சித்தூர் வட்டத்துக்காரர்களுக்கு அது தெரியும். உதடு வெடிக்கும், பனையோலை இரவெல்லாம் சலசலக்கும். நிறுத்திவைத்த காருக்குள் இருக்கும் தோல் சீட்டும் அதே காற்றில்தான் காய்ந்து வெடிக்கிறது. போதாததற்குக் கரிசல் மண். கேரளத்தில் கரிசல் மண்ணுக்குப் பேர்போன வட்டம் எங்களுடையது. கொழிஞ்சாம்பாறை, எருத்தேன்பதி, வேலந்தாவளம் பக்கம் ஓடிய வண்டியின் சீட்டை ஈரத்துணியால் துடைத்தால் துணி கறுக்கும். ஆட்கள் ஏறி இறங்கும்போதெல்லாம் அந்தத் தூசி தோலின் மேற்பூச்சை அராவி எடுக்கும். நெல்லியாம்பதித் தோட்டங்களிலிருந்து இறங்கிவரும் கார்களின் சங்கதி வேறு. அங்கே தோல் வெடிக்காது, பூஞ்சை பிடிக்கும். சீட்டைத் தடவிப் பார்த்தே வண்டி மலையில் நின்றதா கீழே நின்றதா என்று அப்பா சொல்லிவிடுவார்.

அப்பா கொழிஞ்சாம்பாறையில் குஷன் கடை வைத்திருந்தார். எழுபதுகள், நான் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலம். பஸ் சீட், ஜீப் படுதா, வீட்டு சோபா என்று வேலை வரும். ஸ்பிரிங்குக்கு மேல் சாக்கு, சாக்குக்கு மேல் தேங்காய் நார், அதற்கு மேல் பஞ்சு, கடைசியில் ரெக்சின். நாரைப் பிரித்துக் கொடுப்பதும் நூலுக்கு மெழுகு தேய்ப்பதும் என் பொறுப்பு. கார் எப்போதாவதுதான் வரும். வந்தால் அன்றைக்கு மற்ற வேலையெல்லாம் ஓரத்துக்குப் போய்விடும்.

வந்த கார்களும் பெரும்பாலும் வயதானவை. உள்நாட்டில் தயாரிக்கும் திட்டம் இல்லாமல், வெளிநாட்டு உதிரிகளைக் கொண்டுவந்து பூட்டி விற்கும் கம்பெனிகளைத் தொடரவிடக் கூடாது என்று 1953இல் சுங்கவரி ஆணையம் பரிந்துரைத்தது. ஃபோர்டும் ஜெனரல் மோட்டார்ஸும் வெளியேறின. அதன்பிறகு அம்பாசடர், ஃபியட், ஸ்டாண்டர்டு என்ற மூன்றுதான் கதி. அவற்றுக்கும் பதிந்துவிட்டுக் காத்திருக்க வேண்டும். ஆகவே அதற்கு முன்பே வந்துசேர்ந்த மாரிஸ், ஆஸ்டின் கார்களைப் பண்ணை வீடுகளில் விடாமல் வைத்து ஓட்டினார்கள். அந்த இங்கிலாந்து கார்கள் பலவற்றில் உட்காரும் இடம் அசல் தோல். பக்கவாட்டிலும் முதுகுப்புறத்திலும் அதே நிறத்தில் தோல்துணி, அதாவது தோல் போலத் தெரியும் பூச்சுத் துணி. தோலை எங்கே வேண்டுமோ அங்கே மட்டும் வைத்தார்கள்.

அன்றைய வீட்டுக்காரர்களுக்கு அந்தத் தோல் பெருமையாக இல்லை. சுருக்கம் விழுந்து, ஓட்டுநர் ஏறி இறங்கும் வலப்பக்க விளிம்பு தேய்ந்து, அது பழசாகத் தெரிந்தது. புது அம்பாசடரின் ரெக்சின் பளபளத்தது.

"ஏனுங்க, இந்தத் தோலைக் கழட்டிப்போட்டு அம்பாசடர்ல இருக்கற மாதிரி ரெக்சின் போட்டுக் குடுத்துருங்க."

"தோலு இன்னும் உசுரோடதான் இருக்குதுங்க. தேஞ்ச எடத்துல மட்டும் ஒட்டுப் போட்டுக் கலர் குடுத்தர்றேன்."

இந்தப் பேச்சு எங்கள் கடையில் அடிக்கடி நடக்கும். பெரும்பாலும் வீட்டுக்காரர் சொன்னதுதான் நடக்கும். கழற்றிய தோல் கைப்பம்பு வாஷராகவும் செருப்பு வாராகவும் ஊருக்குள் கலைந்துபோகும். அப்பா பேச்சுக்கு இணங்கியவர் வெகு சிலர். அவர்களில் ஒருவரிடம் மெரூன் நிறத் தோல் போட்ட ஒரு மாரிஸ் மைனர் இருந்தது. அலெக் இஸிகோனிஸ் வடிவமைத்து 1948இல் வெளிவந்த அந்தச் சின்னக் கார் எங்கள் வட்டத்து மண்பாதைகளுக்குப் பொருத்தமாக இருந்தது.

ஒட்டுப் போட அப்பா வாங்கியது திண்டுக்கல் பக்கத்துத் தோல். ஆவாரம்பட்டையில் பதனிட்டது. சென்னை மாகாணத்திலிருந்து இப்படிப் பாதி பதனிட்ட தோல் ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா) தோல் என்ற பெயரில் பல தலைமுறைகளாக லண்டனுக்குக் கப்பலேறியது. மெருகேற்றும் வேலை அங்கே நடந்தது, அதிலுள்ள லாபமும் அங்கேயே தங்கியது. தோல் ஏற்றுமதியை ஆராய்ந்த சீதாராமையா குழுவின் பரிந்துரைக்குப் பிறகு, 1973 முதல் பாதி பதனிட்ட தோலின் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு வந்தது. ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை தொழிற்சாலைகள் முழுதாக மெருகேற்றிய தோலுக்கும் செருப்புக்கும் மாறியது அதன் தொடர்ச்சி.

ஆவாரம்பட்டைத் தோலுக்கு ஒரு குணம் உண்டு: வெயில் பட்டால் சிவக்கும். அதைத் தணிக்கத்தான் பதனிடுகிறவர்கள் கடைசியில் கடுக்காய்த் தண்ணீரில் ஒரு முறை ஊறவைப்பார்கள். அப்பாவுக்கு இது தெரியும். அதனால் கலர் கலக்குவதற்கு முன் அவர் செய்யும் முதல் வேலை, சீட்டைத் தூக்கி பைப்பிங் தையலைக் கொஞ்சம் பிரிப்பது. உள்மடிப்பில் வெயிலே பார்க்காத தோல் இருக்கும். அது வண்டி பிறந்த நாளின் நிறம். அதற்கு ஒரு விரல்கடை தள்ளி வெளியே இருப்பது, வண்டி வாழ்ந்து சம்பாதித்த நிறம். இரண்டையும் என்னிடம் காட்டி, "வெளிய இருக்கறதுக்குச் சேரணும்" என்பார். ஸ்பிரிட்டில் கரைத்த சாயம், மேலே மெல்லிய அரக்குப் பூச்சு. அவ்வளவுதான் அவரிடம் இருந்தது. கலந்ததைக் கடைக்குள் வைத்துப் பார்க்கவே மாட்டார். காலை வெளிச்சத்தில் வாசலுக்குக் கொண்டுபோவார்.

அந்தக் கடை இப்போது சித்தூருக்கு மாறிவிட்டது. வண்டிகளின் எண் கே.எல்.பி.யிலிருந்து கே.எல்.70 ஆகிவிட்டது. அம்பாசடர் தயாரிப்பு 2014இல் நின்றுபோனது. கோயம்புத்தூர், திருச்சூர், பொள்ளாச்சியிலிருந்து என்னிடம் பழைய கார்கள் வருகின்றன. வருகிறவர்கள் எல்லாரும் கேட்பது லெதர். அன்று தோலைக் கழற்றிப் போட்ட ரெக்சினோ இன்று தொட்டால் ஒடிகிறது. அது துணிமேல் பூசிய பி.வி.சி. நெகிழ்வுக்காகச் சேர்த்த பொருள் வருடக்கணக்கான வெயிலில் வெளியேறிவிட்டால் அதை மீட்க வழியில்லை. தோல் அப்படியல்ல. அதன் நார்ப் பின்னல் அறுகாதவரை, மேற்பூச்சு போனாலும் திரும்பக் கொடுக்கலாம். நவீனம் என்று போட்டது போய்விட்டது. பழசு என்று நினைத்தது எங்கெல்லாம் தப்பியதோ அங்கெல்லாம் இருக்கிறது.

இன்றைய வேலைமுறை அப்பாவின் காலத்தைவிட நிதானமானது. முதலில் சுத்தம். தோல் இயல்பாகவே சற்று அமிலத்தன்மை கொண்டது. துணி சோப்பு அதற்கு ஆகாது. தோலுக்கென்றே உள்ள மென்மையான திரவமும் மெல்லிய பிரஷ்ஷும் போதும். நிறம் போய்விட்டது என்று கொண்டுவரும் சீட்டுகளில் பாதிக்கு மேல் அழுக்குத்தான். பலர் தேங்காய் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வருவார்கள். எண்ணெய் மிகுந்தால் தோல் கறுக்கும், மழைக்காலத்தில் பூஞ்சைக்குத் தீனியாகும், புதுப் பூச்சும் ஒட்டாது. அதையும் பழைய பாலிஷையும் ஆல்கஹால் கலந்த நீரால் எடுத்தபிறகே கலர் பேச்சு. கிழிசலுக்கு உள்பக்கம் துணி வைத்து ஒட்ட வேண்டும். வெடிப்புக்கு நிரப்பியை மெல்லிய அடுக்குகளாக வைத்து, காய்ந்ததும் தேய்க்க வேண்டும்.

பிறகு நிறம். மஞ்சள், சிவப்பு, பழுப்பு நிறமிகளை நீரில் கலந்த பூச்சாகச் சேர்க்கிறோம். ஈரத்தில் ஒரு நிறம், காய்ந்தால் வேறு. ஆகவே சீட்டின் மறைவான மூலையில் ஒரு புள்ளி வைத்து, உலர்த்தி, பிறகே பார்க்க வேண்டும். ஒரு வெளிச்சத்தில் சேரும் இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்துவிடும். டியூப் லைட்டில் பொருந்தியது வெயிலில் அம்பலமாகும். அப்பா வாசலுக்குப் போனதன் காரணம் அதுதான். சிவப்பு தூக்கலாக இருந்தால் கறுப்பைச் சேர்த்து அடக்கக் கூடாது, நிறம் செத்துவிடும். துளி பச்சை போதும். பளபளப்பும் நிறத்தை மாற்றிக் காட்டும். நிறம் சரியாகவே சேர்ந்தாலும், மேல்பூச்சின் மினுமினுப்பு கூடிப்போனால் ஒட்டுப் போட்டது தனியாகத் தெரியும். தோலின் ரேகை மறையாத அளவுக்கு மெல்லிய பூச்சுகளாகக் கொடுத்து, கடைசியில் மங்கலான காப்புப் பூச்சு.

அந்த மாரிஸ் மைனர் அண்மையில் என் கடைக்கு வந்தது. கொண்டுவந்தவர் அந்தப் பண்ணைக்காரரின் பேத்தி, பெங்களூரில் வேலை பார்ப்பவர். மெரூன் தோல் வெயிலில் சிவப்பை இழந்து பழுப்புக்குப் போயிருந்தது. அப்பா வைத்த ஒட்டு பழுப்பை இழந்து சிவப்புக்கு வந்திருந்தது. ஒரு காலத்தில் ஒன்றாக இருந்த இரண்டு நிறங்கள், ஐம்பது வருட வெயிலில் எதிரெதிராக நடந்து ஒன்றையொன்று கடந்து போயிருந்தன. அரைநூற்றாண்டு வெயிலுக்குக் கடுக்காயும் ஓரளவுதான் தாங்கும். அப்பாவின் தையல் ஓரிடத்திலும் விடவில்லை.

"எல்லாத்தையும் எடுத்துட்டு புதுசா லெதர் போட்டுடலாமா அங்கிள்?"

நான் பைப்பிங்கைப் பிரித்து உள்மடிப்பைக் காட்டினேன். அவருடைய தாத்தா வாங்கிய நாளின் மெரூன் அங்கே இருந்தது. வெளியே இருந்த பழுப்பில் அவருடைய தாத்தாவும் அம்மாவும் ஏறி இறங்கிய காலமெல்லாம் இருந்தது. மொத்தமாகப் பிறந்தநாள் நிறத்துக்குக் கொண்டுபோனால், கதவுத் துணியும் டேஷ்போர்டும் அதன் பக்கத்தில் கிழடாகத் தெரியும். இன்றைய நிறத்துக்குச் சேர்த்தால் வண்டி முழுதும் ஒரே வயதில் இருக்கும். அவர் சம்மதித்தார். ஒட்டின் சிவப்பைத் தணித்தேன். தேய்ந்த விளிம்புக்கு நிறம் கொடுத்தேன். மீதித் தோலுக்குச் சுத்தமும் பதமும் மட்டும்.

50 வருடம் தாண்டி அசல் வடிவில் உள்ள வண்டிகளை விண்டேஜ் என்று தனியாகப் பதிவு செய்ய 2021இல் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. அசலுக்கு இப்போது சட்டத்திலும் மதிப்பு இருக்கிறது. ஆனால் மதிப்பு வந்த வேகத்தில், பழையதைப் பிடுங்கிவிட்டுப் புதுத் தோலைப் போடும் ஆசையும் வந்திருக்கிறது. அன்று ரெக்சினுக்காகக் கழற்றினார்கள். இன்று லெதருக்காகவே லெதரைக் கழற்றுகிறார்கள். இரண்டிலும் இழப்பது ஒன்றைத்தான்: எந்தத் தொழிற்சாலையிலும் கலக்க முடியாத, வருடங்கள் போட்ட நிறம். சித்தூர், பொள்ளாச்சி பக்கத்துக் கார் ஷெட்டுகளில் அந்தத் தோல் இன்னும் மிச்சமிருக்கிறது. கழற்றச் சொல்வதற்கு முன் ஓர் ஈரத்துணியால் துடைத்து, காலை வெளிச்சத்தில் ஒரு முறை பாருங்கள்.