தனியாக, தன்னிச்சையாக, தானா

தனியாகச் செய்வது வேறு, தன்னிச்சையாகச் செய்வது வேறு. ஒரகடம் தொழிற்பேட்டையில் நைட் ஷிப்டில் ஒற்றை ஆளாக நின்று நான்கு மெஷினைப் பார்த்துக்கொள்ளும் ஆபரேட்டர் தனியாக வேலை செய்கிறார். ஆனால் சூப்பர்வைசர் சொல்லித்தான் செய்கிறார். 2024 செப்டம்பர் 9 அன்று சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்து வேலையை நிறுத்தி, 37 நாள் வெளியே உட்கார்ந்தார்கள். அத்தனை பேர் கூடிச் செய்ததையும் எதிர்த்தரப்பு ‘தன்னிச்சை’ என்று சொன்னால் இலக்கணத்தில் தடையில்லை. இந்தச் சொல்லுக்குத் தலையெண்ணிக்கை கணக்கில்லை; யாரைக் கேட்கவில்லை என்பதுதான் கணக்கு.

ஒருபக்கமாக நடப்பதைச் சொல்லும் இந்தச் சொற்குடும்பத்தில் மூத்த சொல் கைக்கிளை. ஒரு பக்கம் மட்டும் உருகும் காதலுக்குத் தொல்காப்பியம் தந்த பெயர் அது. அகத்திணை ஏழில் அதற்கே முதலிடம். புறத்தில் அதற்கு இணையாகத் தொல்காப்பியம் வைத்தது பாடாண் திணையை, அதாவது தலைவனைப் புகழ்ந்து பாடுவதை. ஒருதலைக் காதலுக்கும் முதலாளி புகழ்ச்சிக்கும் என்ன உறவு என்ற சந்தேகம், ஆலை ஆண்டு விழாவில் ஷாமியானாவுக்குக் கீழே மைக் பிடிக்கும் மனிதவள அதிகாரியைப் பார்த்தவுடன் தீர்ந்துவிடும். அவர் அரை மணி நேரம் பாடுகிறார். நிர்வாக இயக்குநர் செல்போனைப் பார்க்கிறார். பாடியவருக்குப் பரிசில் உண்டென்றால் அது அப்ரைசலில் வரும். வராத ஆண்டில் அவருடையது கலப்படமில்லாத கைக்கிளை.

‘ஒருதலை’ இடம் மாறிய சொல். வள்ளுவர் அமைச்சு அதிகாரத்தில் (குறள் 634) அதை ‘உறுதியாக’ என்ற பொருளில் வைத்தார். தனிப்படர் மிகுதியில் (குறள் 1196) அதே சொல்லை ஒரு பக்கக் காதலுக்கு வைத்து, காவடித்தண்டு போல இரு பக்கமும் கனம் இருந்தால்தான் இனிமை என்றார். இன்று உறுதி உதிர்ந்துபோய்க் காதல் மட்டும் மிச்சம். 1980இல் வந்த ‘ஒருதலை ராகம்’ படம் அதற்குப் பட்டாவே எழுதிக் கொடுத்துவிட்டது. பின்னால் ‘பட்சம்’ சேர்ந்தால் காதலும் போய்விடும். ‘நிர்வாகத்தின் ஒருதலைப்பட்சமான போக்கு’ என்று சங்கம் ஒட்டும் நோட்டீஸில் யாரும் யாருக்காகவும் உருகுவதில்லை. அதற்குப் பதில் சொல்லி நிர்வாகம் ஒட்டும் அறிக்கை ‘சில தொழிலாளர்கள் தன்னிச்சையாக’ என்று ஆரம்பிக்கும். இரண்டுக்கும் பெரும்பாலும் ஒரே சுவர், ஒரே பசை.

கோர்ட்டு வாசலில் வழங்கும் ‘ஒருதரப்புத் தீர்ப்பு’ இதில் சேராது. அங்கே நீதிபதி யார் பக்கமும் சாயவில்லை. ஒரு தரப்பு வரவில்லை, அவ்வளவுதான். ‘எக்ஸ்பார்ட்டி ஆயிடுச்சு’ என்று வக்கீல் குமாஸ்தா சொல்லும்போது குரலில் கோபம் இருக்காது, அடுத்த மனுவுக்கான செலவு இருக்கும்.

சட்டம் நடுவழி பிடித்தது. 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுகள் சட்டத்தின் 9ஏ பிரிவுப்படி, சம்பளம், வேலைநேரம், ஷிப்டு போன்றவற்றை மாற்ற நினைக்கும் முதலாளி 21 நாள் முன்னறிவிப்பு தரவேண்டியிருந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுத் தொகுப்பிலும் அதே 21 நாள்தான். கேட்டுச் செய் என்று பிரிவு சொல்லவில்லை, சொல்லிச் செய் என்கிறது. மூன்று வாரம் முன்னால் சொல்லிவிட்டுச் செய்வது தன்னிச்சையில் சேருமா என்பதில் சங்கத்து அகராதியும் நிர்வாகத்து அகராதியும் இன்னும் ஒத்துப்போகவில்லை.

‘விருப்பம்’ என்ற சொல்லை இந்தப் பக்கத்தில் கொஞ்சம் ஜாக்கிரதையாகத்தான் கையாளவேண்டும். 2014இல் ஸ்ரீபெரும்புதூர் நோக்கியா ஆலைத் தொழிலாளர்கள் முன் வைக்கப்பட்டது விருப்ப ஓய்வுத் திட்டம். அந்த ஆண்டு நவம்பர் 1 அன்று ஆலையே நின்றது. விருப்பம் யாருடையது என்று திட்டத்தின் பெயரில் எழுதவில்லை.

மரியாதையில் அதிகம் ஏறி இறங்கிய சொல் ‘தான்தோன்றி’. யாரும் செதுக்காமல் தானே தோன்றிய மூர்த்தி தான்தோன்றீசர். கரூருக்குப் பக்கத்தில் ஒரு மலைக்கே தான்தோன்றிமலை என்று பெயர். கல்லுக்கு அது பெருமை. புதிதாகச் சேர்ந்த டிரெய்னிக்கு அதே பட்டம் கிடைத்தால் மெமோ. யாரும் கேட்காமல் வந்ததற்குக் கல்லைக் கும்பிடுகிறோம், யாரையும் கேட்காமல் செய்ததற்கு மனிதனைத் திட்டுகிறோம்.

மனிதரிலும் ஒருவர் இதில் தேறினார், அவரும் உள்ளூர்க்காரர். 1017இல் ஸ்ரீபெரும்புதூரில் பிறந்த ராமானுஜருக்கு, பதினெட்டு முறை நடக்கவைத்த பிறகே திருக்கோஷ்டியூர் நம்பி மந்திரப் பொருளைச் சொன்னார் என்கின்றன குருபரம்பரைக் கதைகள். வெளியே சொன்னால் நரகம் என்பது நிபந்தனை. ராமானுஜர் கோயிலில் ஏறி நின்று ஊரையே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். இன்றைக்கு ஆலையில் சேரும் அன்றே கையெழுத்து வாங்கும் ரகசியக் காப்பு ஒப்பந்தப்படி பார்த்தால் அது விசாரணையே தேவைப்படாத குற்றம். ஆனால் நம்பி மெமோ கொடுக்கவில்லை. கட்டிக்கொண்டு ‘எம்பெருமானார்’ என்று பெயர் கொடுத்தார். ஸ்ரீபெரும்புதூர் கோயிலில் இருக்கும் ராமானுஜர் திருவுருவத்துக்குத் ‘தானுகந்த திருமேனி’ என்று பெயர்: அவரே உகந்து ஏற்றது. மேல்கோட்டையில் இருப்பது ‘தமருகந்த திருமேனி’, அடியார்கள் உகந்தது. தானும் தமரும் ஒரே விஷயத்தை உகப்பது தொழிற்பேட்டையில் அபூர்வம். போனஸ் அறிவிக்கும் நாளில்கூட நிச்சயமில்லை.

‘ஒண்டி’ சிறு குழப்பம். ஒண்டிக்கட்டை என்றால் தனியாள். ஒண்டிக்கு ஒண்டி என்றால் இரண்டு பேர் வேண்டும். ஒண்டிக்குடித்தனம் என்றால் ஒரே வீட்டில் பல அடுப்பு. அது ‘ஒண்டுதல்’ என்ற வேறு வேரிலிருந்து வந்தது. ஒரகடத்தில் அறை எடுத்துத் தங்கும் ஒண்டிக்கட்டைகள் ஆறு பேர் சேர்ந்து ஒரே அறையில் ஒண்டுவதால், இரண்டு வேரும் அங்கே ஒரே வாடகை கொடுக்கின்றன.

கடைசியாக, ஆலைக்குள் மிக அதிகம் உழைக்கும் சொல்: ‘தானா’. தானே செய்தான் என்றால் உதவிக்கு ஆளில்லை. தானாகச் செய்தான் என்றால் ஏவ ஆளில்லை. தானா நடந்துச்சு என்றால் ஆளே இல்லை. ஷிப்டு மாறும்போது நோட்டில் ‘மெஷின் தானா நின்னுச்சு’ என்று ஒரு வரி எழுதிவிட்டால் எழுவாயோடு குற்றமும் கரைந்துவிடும். பக்கத்தில் சிவப்புப் பொத்தானில் கிரீஸ் படிந்த கட்டைவிரல் தடம் இருந்தாலும் நோட்டில் மெஷின் தானாகத்தான் நின்றிருக்கும்.

டொயோட்டா முறை இந்த அவஸ்தைக்கு வழி செய்தது. கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் கயிற்றை இழுக்கலாம், பொத்தானை அழுத்தலாம். விளக்கு எரியும், சரியாகாவிட்டால் லைன் நிற்கும். விளக்கின் பெயர் ஆண்டான். ஜப்பானில் அது காகித விளக்கு. தமிழ்க் காதுக்கோ ‘அடிமை’ எங்கே என்று தேடச் சொல்லும் பெயர். இழுப்பவர் தனி ஆள், மேலே யாரையும் கேட்பதில்லை, ஆனாலும் அது தன்னிச்சை ஆகாது. அனுமதி முன்கூட்டியே கொடுத்தாகிவிட்டது. அனுமதியோடு கேட்காமல் செய்யும் இந்தக் காரியத்துக்குத் தமிழில் தனிச்சொல் இன்னும் அமையவில்லை. லைனில் இருப்பவர்கள் ‘ஆண்டான் போட்டுட்டேன்’ என்று சொல்லிச் சமாளிக்கிறார்கள்.