பெருவிலங்கு வேட்டையில் ஆயுதத் தேர்வு: காளவாசல் வட்டாரத்தை முன்வைத்து ஓர் ஆய்வு

வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972இல் வந்ததோடு இந்நாட்டில் வேட்டை ஒழிந்துவிட்டது என்று நம்புகிறவர்கள், மதுரை காளவாசலில் தேனி ரோடும் பைபாஸ் ரோடும் குறுக்கிடும் இடத்தைச் சுற்றியுள்ள தெருக்களில் மாலை ஆறரை மணிக்கு மேல் காதைத் தீட்டிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும். வீட்டுக்கு வீடு 'பட்' என்று ஓர் ஓசை கேட்கும். சற்று இடைவெளி விட்டு இன்னொரு 'பட்'. பிறகு ஒரு வெற்றிச் சிரிப்பு. அது கொசு பேட்டின் ஓசை. நடப்பது கொசு வேட்டை. இதில் சட்டச் சிக்கல் எதுவும் இல்லை. வண்ணத்துப்பூச்சிகள் பலவற்றுக்கு இடம் கொடுத்த அச்சட்டத்தின் அட்டவணைகள் கொசுவைக் கண்டுகொள்ளவே இல்லை. ஆகவே பொதுமக்கள் உரிமம் இன்றி, பருவத் தடை இன்றி, குடும்பத்தோடு ஈடுபடத்தக்க வேட்டை இது ஒன்றே. இவ்வேட்டையில் எந்த ஆயுதம் சிறந்தது என்பது பற்றி இவ்வட்டார வேட்டைக்காரர்களிடையே ஓயாமல் நடந்துவரும் விவாதமே இக்கட்டுரையின் பொருள். நமது கருதுகோள் இது: வேட்டைக்காரன் தன் ஆயுதத்தை இரையைப் பார்த்துத் தேர்ந்தெடுப்பதில்லை, பக்கத்து வேட்டைக்காரனைப் பார்த்தே தேர்ந்தெடுக்கிறான்.

கொசுவைப் பெருவிலங்கு என்பதா என்று தொடக்கத்திலேயே ஒரு தடை எழும். இரண்டரை மில்லிகிராம் எடையுள்ள ஒன்றை யானை, புலி, காட்டெருமை வரிசையில் வைக்கலாமா? வைக்கலாம். பெருவிலங்கு என்ற தகுதியை உடம்பின் அளவு மட்டும் தருவதில்லை. வேட்டையாட வந்தவனையே முடித்துவிடும் ஆற்றல்தான் தருகிறது. அதனால்தான் ஒட்டகச்சிவிங்கி எவ்வளவு உயரமாக இருந்தும் வேட்டைக் கதைகளில் அதற்கு மரியாதை இல்லை, அதன் முழங்கால் உயரமே இருக்கும் சிறுத்தைக்கு இருக்கிறது. குமாவோனில் ஜிம் கார்பெட் 1907இல் வீழ்த்திய சம்பாவத் பெண்புலி 436 பேரைக் கொன்றதாகக் கணக்கு. மலேரியாவால் மட்டும் 2023இல் உலகில் சுமார் 5,97,000 பேர் இறந்தனர் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீடு. வகுத்துப் பார்த்தால், அந்தப் புலி ஆண்டுக்கணக்கில் சேர்த்த கணக்கைக் கொசு ஆறரை மணி நேரத்தில் எட்டிவிடுகிறது. டெங்குவை இன்னும் சேர்க்கவில்லை. போதாததற்கு, புலி வேட்டையில் எருமைக் கன்றைக் கட்டிப்போட்டுவிட்டு மரத்து மேலே பரண் கட்டி உட்காரலாம். காளவாசலில் கட்டிப்போட்ட கன்றும் பரணில் இருப்பவரும் ஒருவரே. அவர் விடும் மூச்சில் உள்ள கரியமில வாயுதான் இரையை வரவழைக்கிறது. இவ்வளவு துணிச்சலான ஏற்பாட்டை ஆப்பிரிக்கக் காடுகளிலும் எவரும் செய்து பார்க்கவில்லை.

ஆயுதம் பற்றிய வாதம் நமக்குப் புதிதல்ல. படைச்செருக்கு அதிகாரத்தில் 772ஆம் குறள், முயல்மேல் பட்ட அம்பைக் காட்டிலும் யானையைத் தவறவிட்ட வேலையே உயர்வாக வைக்கிறது. உரையாசிரியர்கள் இதை வீரத்தின் இலக்கணமாகக் காண்பர். நாம் இங்கே ஆயுதத் தேர்வின் இலக்கணத்தையும் காண்கிறோம். இரை விழுந்ததா இல்லையா என்பதை வள்ளுவர் ஒரு பொருட்டாகவே கொள்ளவில்லை. கையில் என்ன இருந்தது, எதை நோக்கிப் போனது என்பதைத்தான் பார்க்கிறார். அதைப் பார்த்து மெச்சுவது தப்பிப்போன யானையாக இருக்க முடியாது. சுற்றி நிற்கும் மற்ற வீரர்கள்தான் மெச்ச வேண்டும். புறநானூற்றின் 152ஆம் பாடலில் வன்பரணர் வல்வில் ஓரியின் அம்பைப் பாடுகிறார். அது யானையைத் துளைத்து, புலியைத் துளைத்து, மானையும் பன்றியையும் கடந்து, கடைசியில் புற்றிலிருந்த உடும்பில் போய்த் தைத்தது. துப்பாக்கிக்காரர்கள் இன்று தோட்டாவின் ஊடுருவும் திறன் என்று பேசிக்கொள்வது இதைத்தான். யானைக்கென்று விட்ட அம்பு உடும்பு வரை போக வேண்டிய தேவை என்ன என்று எந்த வேட்டைக்காரனும் கேட்க மாட்டான். பாடுவதற்குப் பக்கத்தில் புலவர் இருந்தால் அம்பு அவ்வளவு தூரம் போகத்தான் செய்யும்.

வெள்ளைக்காரர் காலத்துச் சான்றுகள் இன்னும் தெளிவானவை. ஆப்பிரிக்காவில் டபிள்யூ. டி. எம். பெல் என்ற ஸ்காட்லாந்துக்காரர் ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டார், அவற்றில் பெரும்பாலானவை .275 ரிக்பி போன்ற சிறு துப்பாக்கிகளால் விழுந்தவை. யானையின் மண்டையோட்டை அறுத்துப் பார்த்து மூளை எங்கே இருக்கிறது என்று தெரிந்துவைத்திருந்ததுதான் அவரது சூட்சுமம். ஆனால் அவருக்குப் பின்வந்த ரசிகர்கள் மண்டையோட்டை விட்டுவிட்டுத் துப்பாக்கியைப் பிடித்துக்கொண்டார்கள். எதிரணியில் ஜான் டெய்லர், 1948இல் வெளியான தமது நூலில், தோட்டாவின் எடை, வேகம், விட்டம் மூன்றையும் பெருக்கி ஒரு 'சாய்க்கும் எண்' கணக்கிட்டு, பெரிய துப்பாக்கியே பெரிது என்று நிறுவினார். முக்கால் நூற்றாண்டாகியும் சண்டை ஓயவில்லை. இதில் யானைகளின் கருத்து எந்தக் காலத்திலும் கேட்கப்படவில்லை. சம்பாவத் புலியின் கதையோ நமது கருதுகோளுக்கு வாய்த்த அரிய சான்று. கார்பெட் அன்றைக்கு எடுத்துப் போனவை மூன்றே தோட்டாக்கள். மூன்றும் தீர்ந்த பிறகு, உடன் வந்த தாசில்தாரின் பழைய துப்பாக்கியை வாங்கிச் சுட்டே காரியத்தை முடித்தார். குழலுக்கும் பின்கட்டைக்கும் நடுவே இடைவெளி தெரியும் அளவுக்குத் தேய்ந்துபோன துப்பாக்கி அது. இந்த வீரத்துக்குப் பரிசாக ஐக்கிய மாகாணத்தின் லெப்டினன்ட் கவர்னர் சர் ஜான் ஹெவெட் அவருக்கு அளித்தது ஒரு புத்தம்புது .275 ரிக்பி. புலி செத்த பிறகு துப்பாக்கி வருகிறது என்றால், துப்பாக்கி புலிக்காக வரவில்லை என்பது வெளிப்படை. தாசில்தாருக்கும் ஹெவெட் ஒரு துப்பாக்கியே பரிசளித்தார். (இலங்கையில் 1,400 யானைகளுக்கு மேல் சுட்டதாகப் பேர் வாங்கிய மேஜர் ரோஜர்ஸ், 1845இல் அப்புத்தளையில் மின்னல் தாக்கி இறந்தார். பெருவேட்டையில் மின்சாரம் முதன்முதலாகப் பயன்பட்டது அப்போதுதான் என்று கொள்ளலாம். பயன்படுத்திய தரப்பு எதுவென்பது வேறு விஷயம்.)

இனிக் காளவாசலுக்கு வருவோம். இங்கே வேட்டைக்காரர்கள் பல பள்ளிகளாகப் பிரிந்து நிற்கிறார்கள். பேட் பள்ளிக்குள்ளேயே இரண்டு கிளைகள். மூன்றடுக்கு வலைக்காரர்கள், வெளி வலைகள் இரண்டும் விரலைக் காக்கும் என்பார்கள். ஒற்றை வலைக்காரர்கள், அந்த இடுக்கில் கொசு நுழைவதற்குள் விடிந்துவிடும் என்பார்கள். சார்ஜ் பேட்டா பேட்டரி போடும் பேட்டா, டார்ச் விளக்கு வைத்ததா இல்லாததா என்ற உட்பிரிவுகள் தனி. இவர்களுக்கு எதிரே சுருள் பள்ளி, லிக்விட் பள்ளி, ஓடோமாஸ் தடவுவோர், வேப்பெண்ணெய் விளக்குக்காரர், நொச்சி இலைப் புகை போடும் பெரியவர்கள். சுருளைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஜப்பானில் உயெயாமா என்பவர் முதலில் குச்சியாகத்தான் செய்தார். அது சீக்கிரம் எரிந்து தீர்ந்தது. 1895இல் அவருடைய மனைவி யூக்கி, சுருட்டிச் செய்தால் நெடுநேரம் எரியுமே என்றார். வேட்டை உபகரண வரலாற்றில் உருப்படியாகப் பலித்த ஆலோசனைகளில் இது ஒன்று. சொன்னவர் வேட்டைக்காரர் அல்லர் என்பதைக் கவனிக்க. மற்றபடி இப்பள்ளிகளின் வாதங்களில் கொசு மிக அரிதாகவே இடம்பெறுகிறது. "அதெல்லாம் ஆறு மாசத்துல புட்டுக்கும்ணே, இத வாங்குங்க" என்று ஒருவர் சொன்னால், மற்றவர் தம் பேட்டின் பட்டனை அமுக்கிக் காட்டுவார். ஓசை எவ்வளவு பெரிது என்பதே அளவுகோல். கொசு செத்தால் வரும் ஓசை, கொசு கேட்பதற்கானது அன்று.

அளவில் ஆயுதம் எவ்வளவு மிகையாகிவிட்டது என்பதைச் சற்றுக் கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 300 கிராம் எடையுள்ள ஒரு பேட், தன் இரையைப் போல 1,20,000 மடங்கு கனமானது. அதற்குள் மாற்றியும் மின்தேக்கிகளும் சேர்ந்து பேட்டரியின் சில வோல்ட்டை ஆயிரம் வோல்ட்டுக்கு மேல் ஏற்றித் தருகின்றன. ஐந்து டன் யானைக்கு எதிரே இதே விகிதத்தில் ஓர் ஆயுதம் எடுக்க வேண்டுமானால் அதன் எடை 6 லட்சம் டன் இருக்க வேண்டும். உலகம் கண்ட மிகப் பெரிய எண்ணெய்க் கப்பலான சீவைஸ் ஜயன்ட், முழுச் சரக்கோடு ஏறக்குறைய அந்த எடைதான். ஆக, காளவாசல் வேட்டைக்காரர் ஒவ்வொருவரும் தினசரி மாலையில் செய்வது, நிறைகப்பல் ஒன்றைக் காம்பைப் பிடித்து வீசி யானையை அடிப்பதற்கு ஒப்பானது. அப்படியும் பாதி வீச்சு தவறுகிறது. பெல் இதைப் பார்த்திருந்தால் மண்டையோட்டைப் பற்றி ஏதாவது சொல்லியிருப்பார்.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு வரும். எப்படியோ கொசு சாகிறதே, ஆயுதம் வேலை செய்கிறதே, அப்படியிருக்க இரையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்கவில்லை என்பது எப்படி? எந்தக் கொசு சாகிறது என்று பார்த்தால் விடை கிடைக்கும். மாலை ஆறரைக்கு மேல் காதோரம் வந்து ரீங்காரமிடுவது பெரும்பாலும் கியூலெக்ஸ் இனம், சாக்கடைநீரில் பிறப்பது. கிருதுமால் நதியைச் சாக்கடையாக்கி நகரத்துக்குள் ஓடவிட்டிருக்கும் ஊரில் அதற்குப் பஞ்சமே வராது. டெங்குவைச் சுமக்கும் ஏடிஸ் கொசுவின் வழக்கம் வேறு. அது நல்ல தண்ணீரில் பிறக்கும். காலையிலும் வெயில் தாழும் நேரத்திலும் வரும். சத்தமில்லாமல் கணுக்காலைக் கடிக்கும். அந்த நேரத்தில் பேட் சுவரில் மாட்டிச் சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், அதன் சொந்தக்காரர் ஆபீசில் இருப்பார். ஆளைச் சாய்க்கும் விலங்கு பகலில் வருகிறது. ஆயுதம் இரவில் வெளியே வருகிறது. ஏனென்றால் வேட்டையைப் பார்க்க ஆள் இருப்பது இரவில்தான். இன்னொன்றும் உண்டு. பெட்டை விலங்கைச் சுடுவது இழுக்கு என்பது பழைய வேட்டைக்காரர் மரபு. கொசுவிலோ கடிப்பது பெண் மட்டுமே. ஆண் பூந்தேனைக் குடித்துவிட்டுச் சும்மா போவது. இரையைப் பார்த்துத்தான் வேட்டை என்றால் இந்த வேறுபாடாவது தெரிந்திருக்க வேண்டும். பேட்டுக்கு அது தெரியாது, பிடித்திருப்பவருக்கும் தெரியாது.

இரண்டாவது மறுப்பு சற்றுக் கூர்மையானது. நள்ளிரவு இரண்டு மணிக்கு, குடும்பமே உறங்கும்போது, ஒருவர் தனியாக எழுந்து விளக்கைப் போட்டுப் பேட்டோடு சுவரைப் பார்த்து நிற்கிறாரே, அங்கே பார்க்க யார் இருக்கிறார்கள்? அப்போது இல்லைதான். ஆனால் டீக்கடை காலை ஐந்து மணிக்கே திறந்துவிடும். "நேத்து ராத்திரி நாப்பது அடிச்சேன் மாப்ள" என்ற வாக்கியம் அங்கே சொல்லப்படுவதற்காகவே இரவு இரண்டு மணிக்கு உருவாகிறது. இதற்கு எதிர்ச்சான்று தேடினாலும் கிடைப்பது நமக்குச் சாதகமான சான்றே. கொசுவலை உபகரணங்களில் மிகப் பழையது, மலிவானது, மின்சாரம் கேட்காதது. நன்றாகச் செருகிக் கட்டினால் ஒரு கொசுவும் அண்டாது. ஆயினும் வலைப் பள்ளி என்று ஒன்று காளவாசலில் உருவாகவில்லை. வலைக்குள் படுத்தவர் காலையில் வந்து சொல்வதற்கு எதுவுமே இல்லை. நன்றாகத் தூங்கினேன் என்று சொன்னால் அடுத்த கேள்வி யாரும் கேட்பதில்லை. மாநகராட்சிப் புகை வண்டி வரும் நாளில் தெருவே வாசலுக்கு வந்து நின்று பார்க்கிறது. அந்தப் புகை பறக்கும் கொசுவில் அகப்பட்டதை மட்டுமே கொல்லும், தண்ணீரில் நெளியும் புழுவைத் தொடாது என்ற உண்மை அந்தக் காட்சியின் மதிப்பைச் சிறிதும் குறைப்பதில்லை.

இத்தனைக்கும் இவ்வூர்க்காரர்கள் அறிவுரைக்கு வெகுதூரம் போக வேண்டியதில்லை. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 1985இல் நிறுவிய மருத்துவப் பூச்சியியல் ஆய்வு மையம் இதே மதுரையின் சின்ன சொக்கிகுளத்தில்தான் அமைந்தது. வயல்நீரில் பிறந்து மூளைக்காய்ச்சலைப் பரப்பும் கொசுக்களை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்த இடம் அது. கொசு ஆய்வாளர்கள் யாரைக் கேட்டாலும் சொல்வது ஒன்றே: முட்டையிலிருந்து கொசுவாக ஒரு வாரம் பத்து நாளாகும், அதற்குள் தண்ணீரைக் கொட்டிவிட்டால் வேட்டைக்கே வேலையில்லை. பறக்கும் ஒன்றை வீழ்த்தும் நேரத்தில் பறக்கப் போகும் நூற்றைக் கவிழ்த்துவிடலாம். இந்த முறை பரவாததற்குக் காரணம் அறியாமை அன்று. இது எல்லோருக்கும் தெரியும். கவிழ்த்த வாளிக்கு ஓசை கிடையாது, பிறக்காத கொசுவை எண்ண முடியாது, எண்ண முடியாததைப் பக்கத்து வீட்டுக்காரரிடம் சொல்ல முடியாது.

ஆகவே வாசகருக்கு ஒரு வேண்டுகோள். வாரம் ஒருமுறை மாடித் தொட்டியின் மூடி இறுகியிருக்கிறதா என்று பாருங்கள். ஃபிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டை எடுத்துக் கொட்டுங்கள், பூந்தொட்டித் தட்டையும் ஏர்கூலரையும் தேய்த்துக் கழுவுங்கள், மொட்டைமாடியில் கிடக்கும் பழைய டயரையும் தேங்காய்ச் சிரட்டையையும் அப்புறப்படுத்துங்கள். முடித்த பிறகு பேட்டை எடுத்து நாலு வீச்சு வீசிக்கொள்ளுங்கள். டீக்கடையில் அதை மட்டும் சொன்னால் போதும்.