எக்செல் போதாதா?

கேள்வி: சரக்கு இருப்பு, ஜாப் ஒர்க் கணக்குக்கு எக்செல் போதாதா? தனியாக டேட்டாபேஸ் எதற்கு?

பதில்: ஒருவரே எழுதி அவரே பார்க்கும் வரை எக்செல் போதும். இரண்டாவது ஆள் கை வைத்ததும் 'ஸ்டாக் புதுசு', 'ஸ்டாக் கடைசி', 'ஸ்டாக் நிஜமாவே கடைசி' என்று கோப்புகள் குட்டி போடத் தொடங்கும். தாளுக்கும் எல்லை உண்டு: 10,48,576 வரிசைகள். பழைய வடிவத்தில் 65,536தான். 2020இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 16,000 கொரோனா தொற்று விவரங்கள் கணக்கில் வராமல் போனது அந்தப் பழைய வடிவத்தால்தான்.

டேட்டாபேஸில் பொருள், வாடிக்கையாளர், வேலை எல்லாம் தனித்தனி அட்டவணைகள். எண்களால் ஒன்றோடொன்று இணைந்திருக்கும். 1970இல் கணினி அறிஞர் எட்கர் காட் முன்வைத்த முறை இது. கோவைப் பட்டறை ஒன்றில் பம்ப் ரிப்பேருக்கு நான்கு பேரிங் எடுத்தால், அவை வேலைக் கணக்கில் ஏறுவதையும் இருப்பில் குறைவதையும் ஒரே நடவடிக்கையாக அமைக்கலாம். நடுவில் கரண்ட் போனால் இரண்டுமே பதிவாகாது. அரைகுறைக் கணக்குக்கு அங்கே இடமில்லை.

ஓரிருவர் மட்டும் பயன்படுத்த அக்செஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருள் போதும். கோப்பு 2 ஜிபியைத் தாண்டக்கூடாது. கடை, கிடங்கு, ஆபீஸ் என்று பலரும் ஒரே நேரத்தில் எழுதுவதானால் போஸ்ட்கிரெஸ் அல்லது மரியாடிபி. இரண்டும் இலவசம். அவற்றுக்குத் திரை அமைத்துத் தருபவர் மட்டும் காசு கேட்பார்.