சைக்கிள் சார் வந்து சேர்கிறார்

மடிப்பாக்கத்திலிருந்து கிண்டி எஸ்டேட்டுக்கு 8 கிலோமீட்டர் சொச்சம் இருக்கும். சைக்கிள் சார் அதை முக்கால் மணி நேரத்தில் மிதித்து வந்துவிடுகிறார். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. அதற்கப்புறம் அவர் வந்து சேர ஒன்றேகால் மணி நேரம் ஆகிறது. எங்கள் பாடெல்லாம் அந்த ஒன்றேகால் மணி நேரத்தில்தான்.

உங்கள் ஆபீஸிலும் ஒருவர் இருப்பார். ஐம்பதுக்கு இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ வயது. ரத்தப் பரிசோதனை ரிப்போர்ட்டில் ஏதோ ஒரு எண்ணைச் சுற்றி டாக்டர் வட்டம் போட்டிருப்பார். "நடங்க சார்" என்றுதான் டாக்டர் சொன்னதும். ஆனால் நடப்பதற்குச் செருப்பு போதும். செருப்பை வாங்கி வந்து நாலு பேரிடம் காட்ட முடியாது. அதனால் சைக்கிள். 21 கியர், டிஸ்க் பிரேக். கூடவே ஹெல்மெட், கையுறை, முன்னால் ஒரு விளக்கு, பின்னால் ஒரு விளக்கு, ஹேண்டில்பாரில் போன் மாட்ட ஒரு கிளிப், பஞ்சு வைத்துத் தைத்த டிரவுசர். அந்த டிரவுசரை எப்படிப் போட வேண்டும், அதற்கு உள்ளே எதைப் போடக் கூடாது என்பதையெல்லாம் அவர் விளக்கியது மத்தியானச் சாப்பாட்டு மேஜையில். அன்றைக்கு வத்தக்குழம்பு யாருக்கும் இறங்கவில்லை.

ஆரம்ப நாட்களை அதிகம் விவரிக்க வேண்டாம். இரண்டு பாதமும் தரையில் பட வேண்டும் என்று சீட்டைத் தாழ்த்தி வைத்தார், முட்டி வலித்தது. பெரிய கியர் என்றால் பெரிய வேகம் என்று முன்னால் 3, பின்னால் 7 என்று வைத்து மிதித்தார், இன்னும் வலித்தது. வேளச்சேரியில் ஒரு கடைக்காரர், "சார், பெடல் கீழ போகும்போது முட்டி லேசா மடங்கினா போதும், சீட்டை ஏத்துங்க. சிக்னல்ல கிளம்புறப்போ கியரைக் குறைங்க" என்று சொல்லி அனுப்பினார். காசுகூட வாங்கவில்லை. அவர் அரை நிமிடத்தில் சொன்னதைச் சார் எங்களுக்கு ஒரு வாரம் பாடம் நடத்தினார்.

இனி வந்து சேர்வதைப் பார்ப்போம்.

அது கேட்டிலேயே ஆரம்பிக்கிறது. சார் உடனே இறங்க மாட்டார். ஒரு காலை ஊன்றி, சீட்டில் இருந்தபடியே போனைக் கழற்றி ஆப்பை நிறுத்துவார். நிறுத்தாமல் இறங்கினால் சராசரி வேகம் விழுந்துவிடும். ஒருநாள் மறந்துபோய் ஆப் ஓடிக்கொண்டே இருந்ததில் லிஃப்ட், கேன்டீன், ஜி.எம். ரூம் எல்லாமே சைக்கிள் பயணத்தில் சேர்ந்து, சராசரி வேகம் ஆமை அளவுக்கு வந்துவிட்டது. அன்று அவரிடம் யாரும் கையெழுத்துக்குப் போகவில்லை. இன்னொரு நாள் ஆப்பை ஓடவிட்டே யாருடைய காரிலோ ஏறி வீட்டுக்குப் போயிருக்கிறார். அந்தப் பதிவை மட்டும் அவர் இன்னும் அழிக்கவில்லை.

வழியில் ஒரு மேம்பாலம் வருகிறது. அதைச் சார் 'க்ளைம்ப்' என்பார். மேட்டுக்கு ஆசைப்படுபவருக்கு இந்த ஊரில் பரங்கிமலையை விட்டால் மேம்பாலம்தானே கதி! கீழே சர்வீஸ் ரோடு சும்மா கிடக்க, அதன்மேல் ஏறித்தான் வருவார். பாதியில் இறங்கித் தள்ளிக்கொண்டு போவதை நான் பஸ் ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன். தள்ளினாலும் மிதித்தாலும் ஆப்பில் விழுவது ஒரே கோடுதான் என்பதால் நானும் வாய் திறக்கவில்லை.

அடுத்தது லிஃப்ட். கீழே விட்டால் திருடிவிடுவார்கள் என்பதால் சைக்கிளும் மூன்றாவது மாடிக்கு வருகிறது. ஆறு பேர் போகிற லிஃப்ட். சைக்கிளைப் பின்சக்கரத்தில் நிமிர்த்தி நிறுத்தினால் ஒரு சைக்கிள், ஒரு சார், கதவு மூடிவிடும். உடம்பைக் குறைக்க மிதித்து வந்தவர் லிஃப்டில் போகிறார். பஸ்ஸிலும் ரயிலிலும் வந்த நாங்கள் படி ஏறுகிறோம். இத்தனை மாதத்தில் எங்கள் செக்‌ஷனில் சர்க்கரை குறைந்தது ஒரே ஒருவருக்குத்தான். டெஸ்பாட்ச் பார்க்கும் அம்மாவுக்கு.

சைக்கிள்காரர்களின் வியர்வைக்கு ஒரு கணக்கு உண்டு. ஓட்டும்போது எதிரே வரும் காற்று வியர்வையை ஆற்றிக்கொண்டே வரும். நிறுத்தினால் காற்று நின்றுவிடும். உடம்புச் சூடு நிற்காது. அதிலும் கடலோர ஊரின் பிசுபிசுப்பில் வியர்வை லேசில் ஆறாது. ஆகவே மடிப்பாக்கம் முதல் கிண்டி வரை சாலையில் சொட்டியிருக்க வேண்டியதெல்லாம் அக்கவுன்ட்ஸ் செக்‌ஷனுக்குள் வந்த பிறகுதான் சொட்டுகிறது. சார் ஏ.சி. காற்று நேராக இறங்கும் இடத்தில், சோளக்கொல்லைப் பொம்மை மாதிரி இரண்டு கையையும் அகட்டிக்கொண்டு நிற்பார். அந்த இடம் என் மேஜைக்கு இரண்டடி தூரம். நிற்கிற நேரத்தில் அன்றைய காற்று நிலவரமும் சொல்லப்படும்.

"இன்னிக்கு செம எதிர்க்காத்து மேடம்."

எந்த நாளும் எதிர்க்காற்றுதான். காலையில் தரையிலிருந்து கடலுக்கும், வெயில் ஏறிய பிறகு கடலிலிருந்து தரைக்கும் காற்று வீசும் ஊர் இது, மேற்கும் கிழக்குமாக. சார் போவது தெற்கிலிருந்து வடக்கு, திரும்புவது வடக்கிலிருந்து தெற்கு. இருந்தும் போகும்போதும் எதிர்க்காற்று, வரும்போதும் எதிர்க்காற்று. வானிலை ஆய்வு மையத்துக்கு யாராவது தகவல் சொன்னால் தேவலை. பின்னால் தம்பியை உட்கார வைத்துக்கொண்டு, அரசாங்கம் கொடுத்த விலையில்லா சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும் பதினோராம் வகுப்புப் பெண்கள் தன்னைத் தாண்டிப் போவதாக அவரே ஒருமுறை சொன்னார். அவர்களுக்கு மட்டும் எந்தக் காற்று அடிக்கிறது என்று நான் கேட்கவில்லை.

ஆறியதும் பாத்ரூம். ஒரு வாஷ்பேசினும் ஒரு மக்கும் இருக்கும் இடத்தில் ஒரு மனிதர் எவ்வளவு குளிக்க முடியுமோ அவ்வளவு குளிப்பார். தரையைத் துடைக்கும் அக்கா மாப்போடு வாசலிலேயே நிற்பார். பிறகு பவுடர். பாத்ரூமிலிருந்து அவர் சீட் வரைக்கும் வெள்ளை வெள்ளையாகக் காலடி. கிருஷ்ண ஜெயந்தி எங்கள் ஆபீஸில் வாரத்துக்கு ஐந்து நாள்.

அதற்கும் பிறகுதான் காயவைக்கும் படலம். பனியன் நாற்காலி முதுகில். துண்டு ஜன்னல் கம்பியில். சாக்ஸ் சி.பி.யு.வுக்குப் பின்னால், அங்கே வரும் சூடான காற்று சாக்ஸுக்கு ரொம்பத் தோதாம். கையுறைகள் இன்வர்ட் ட்ரேயில். ஒருமுறை ஆடிட்டர் வவுச்சர் கட்டு என்று நினைத்துக் கை வைத்தது அதில்தான். பஞ்சு டிரவுசர் எங்கே காய்கிறது என்று எங்களுக்குத் தெரியாது. தேடிப் பார்க்கும் துணிச்சலும் யாருக்கும் இல்லை. வெயில் வரும் ஜன்னல் என் பக்கம் என்பதால் துண்டின் முனை என் தோளில் படும். தள்ளிப் போடச் சொன்னால், "காஞ்சிடுச்சு மேடம், தொட்டுப் பாருங்களேன்" என்பார். எதற்கு நான் தொட்டுப் பார்க்க வேண்டும்?

கடைசியில் டிபன். கேன்டீன் நெய்ப்பொங்கல், இரண்டு வடை. "மிதிச்சு வந்தாச்சு, சாப்பிட்டா தப்பில்ல." 8 கிலோமீட்டரை நிதானமாக மிதித்தால் 250 கலோரி செலவானாலே பெரிய விஷயம். அந்தப் பொங்கல் தனியாகவே அதைக் கரைத்துவிடும். இரண்டு வடையும் லாபக் கணக்கில். கணக்குப் பிரிவில் இருபது வருஷம் குப்பை கொட்டியவருக்கு இந்த வரவு செலவு தெரியாதா என்ன? தெரியும். பெல்ட்டில் புதிதாக ஓட்டை போட்டிருக்கிறார், வெளிப்பக்கமாக.

இதெல்லாம் சிரிக்கிற விஷயம். அடுத்தது சிரிக்கிற விஷயமில்லை.

எங்கள் வாட்ச்மேன் அண்ணன் குன்றத்தூரிலிருந்து வருகிறார். சைக்கிள் சாரைவிட வயது கூட, தூரமும் கூட. பேன்ட் காலில் ஒரு ரப்பர் பேண்ட், கேரியரில் தூக்குச்சட்டி, மட்கார்டு துருப்பிடித்த கறுப்பு ஹெர்குலிஸ். அம்பத்தூரில் செய்த சைக்கிள். அவர் வந்து சேர ஸ்டாண்டு போடுகிற நேரம் ஆகும். ரப்பர் பேண்டைக் கழற்றிக் கையில் மாட்டிக்கொண்டு, தொப்பியை வைத்துக்கொண்டு கேட்டைத் திறப்பார். அந்தக் கேட் வழியாகத்தான் சார் ஆப்பை நிறுத்திவிட்டு உள்ளே வருகிறார். வாட்ச்மேன் அண்ணனுடைய சைக்கிளுக்கு உள்ளே இடமில்லை. பார்க்கிங் ஸ்டாஃபுக்கு மட்டும் என்று போர்டு இருக்கிறது, அவர் கான்ட்ராக்ட். அவர் வண்டி காம்பவுண்டுக்கு வெளியே, டிரான்ஸ்ஃபார்மர் வேலியோடு சங்கிலி போட்டுக் கட்டிக் கிடக்கிறது. ஜூன் 3, உலக சைக்கிள் தினம். ஐ.நா. 2018-இல் அறிவித்த நாள் என்று எச்.ஆரில் யாரோ கண்டுபிடித்து, சைக்கிள் சாருக்குப் பொன்னாடை போர்த்தி போட்டோ எடுத்தார்கள். நாற்காலி தூக்கிப் போட்டது வாட்ச்மேன் அண்ணன். அவரும் சைக்கிளில் வருகிறவர் என்பது அந்த ஹாலில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. சாருக்காவது வந்திருக்க வேண்டும்.

நான் புதுக்கோட்டைக்காரி. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது எங்கள் மாவட்டத்தில் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றுக்கொண்டார்கள். அப்போது கலெக்டராக இருந்தவர் ஷீலா ராணி சுங்கத். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, முன்னால் ஒரு பிள்ளை, பின்னால் ஒரு குடம். குவாரிக்குப் போனவர்கள் போன கையோடு கல் உடைத்தார்கள். வயலுக்குப் போனவர்கள் நாற்று நட்டார்கள். அவர்களிலும் நாற்பதைத் தாண்டியவர்கள் இருந்தார்கள். முட்டி அவர்களுக்கும் வலித்திருக்கும். அவர்கள் விழுந்ததையும் எழுந்ததையும் பார்த்து வளர்ந்தவளிடம் வந்து, "சைக்கிள்ங்கறது ஒரு லைஃப்ஸ்டைல் மேடம்" என்று ஆரம்பித்தால் எனக்குக் கோபம் வருமா, வராதா?

ஆனாலும் ஒன்று சொல்ல வேண்டும். வேளச்சேரி சாலையில் காலை ஒன்பது மணிக்கு சைக்கிள் ஓட்டுவது லேசுப்பட்ட காரியமில்லை. நடப்பவருக்கும் சைக்கிளுக்கும் முன்னுரிமை என்று சென்னை மாநகராட்சி 2014-இல் கொள்கையே வகுத்திருக்கிறது. அந்தச் சாலையில் சைக்கிளுக்கு மிச்சமிருப்பது தண்ணி லாரிக்கும் மழைநீர் வடிகாலுக்கும் நடுவே இருக்கும் ஒன்றரை அடி. பின்னால் மாநகரப் பேருந்து ஹாரன் அடிக்க, முன்னால் ஷேர் ஆட்டோ சொல்லாமல் கொள்ளாமல் நிற்க, அந்த ஒன்றரை அடியில் தொப்பையோடும் பயத்தோடும் இவர் வருகிறார். பைக் இருக்கிறது, கார் இருக்கிறது; இருந்தும் வருகிறார். பாதியில் விட்டுவிடுவார் என்று நாங்கள் வைத்த கெடுவெல்லாம் ஒவ்வொன்றாகத் தாண்டிப் போய்விட்டது.

கடைசியாக நம்பியது ஐப்பசியை. வடகிழக்குப் பருவமழை வந்து அடித்தால் சைக்கிள் பால்கனிக்குப் போய்விடும், துண்டு வீட்டுக்குப் போய்விடும் என்று காத்திருந்தோம். மழையும் வந்தது. முதல் பெருமழை அன்று சார் நனைந்து நடுங்கிக்கொண்டு உள்ளே வந்தார். ஆப் இல்லை, எதிர்க்காற்று இல்லை, பேச்சே இல்லை. வழியில் செயின் கழன்றிருக்கிறது, கையெல்லாம் கிரீஸ். யாரோ டீ வாங்கி வந்து கொடுத்தார்கள். டெஸ்பாட்ச் அம்மா தன் சால்வையைக் கொடுத்தார். டீயைக் குடித்துவிட்டு நேராக சீட்டுக்குப் போய் கம்ப்யூட்டரைப் போட்டார். அவர் ஒரே நிமிடத்தில் வந்து சேர்ந்தது அன்றைக்கு ஒருநாள்தான். எனக்கே பாவமாக இருந்தது. நானாகவே துண்டை வாங்கி, பிழிந்து, ஜன்னலில் போட்டேன்.

அது பெரிய முன்னுதாரணம் ஆகிவிட்டது. மறுநாள் மழைக்கோட்டு வாங்கிவிட்டார், முழங்கால் வரை தொங்குவது, மஞ்சள் நிறம். இப்போது பனியன், துண்டு, சாக்ஸ், கையுறை, கோட்டு. கோட்டுக்கு முதல் நாள் தீயணைப்புக் கருவி மாட்டும் கொக்கி கிடைத்தது. நிர்வாகத்திலிருந்து ஆள் வந்து கழற்றச் சொல்லிவிட்டார்கள். சார் அதைக் கையில் பிடித்துக்கொண்டு செக்‌ஷனைச் சுற்றிப் பார்த்துவிட்டு, சொட்டச் சொட்ட என் மேஜைக்கு வந்தார்.

"மேடம், இந்தப் பக்கம் வெயில் எத்தனை மணி வரைக்கும் இருக்கும்?"